ஓசிப் பிரசவம்

பாப்பா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. உன் நலத்தைப் பற்றித்தான் ஒரு வாரமாக இந்த வீட்டில் சண்டையே நடக்கிறது, இதில் தனியாக அறிய என்ன ஆவல் வேண்டிக் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, படூரில் உங்கள் அபார்ட்மென்ட் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம், பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கு வந்தாலும் வரலாமாம், ரத்தம் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதுவும் எனக்கு நெகட்டிவ் க்ரூப், வெளியிலிருந்து நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டுமாம் என்று ஒரே மூச்சில் சொன்னாய். பிறகு, "வளைகாப்பு முடிஞ்சு அங்க வரணுமா, இல்ல இங்கயே இருக்கணுமா? எங்க பிரசவம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க" என்றாய். உன் அப்பா சட்டென்று, "அங்கயே பாத்துக்கம்மா, அந்த ஆஸ்பத்திரி நல்லாதான் கீது" என்றார். நான் அதே நேரத்தில், "ஜி.ஹெச்.சுக்கு வந்துடு" என்றேன். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாம்மா இது, ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நாங்கள் சிரிக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னா சொல்றா, இன்னா சொல்றா" என்று உயிரை எடுப்பார். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை. இதை நீ உன் ஆபீஸ் தோழிகளிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அந்தப் பெண்களும் ஒரு நாள் எங்காவது ஒரு வார்டில் படுக்கப் போகிறவர்கள்தானே.

நீ இந்த வீட்டுச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவள். மற்ற வீடுகளில் மாமியார், நாத்தனார் என்று சண்டை. நம் வீட்டில் நாட்டு மக்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, யார் காசில் பார்ப்பது என்று சண்டை. உன் அப்பா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி டெக்னீஷியன். நான் திருக்கழுக்குன்றம் ரோட்டிலிருந்த நர்சிங் ஹோமில் கேஷ் கவுன்டர். அதன் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடத்தில் துணிக்கடை இருக்கிறது. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுவேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம், நான் பஸ்ஸுக்கு இன்னொரு பக்கம். சாயங்காலம் வந்ததும் ஆரம்பித்துவிடும். "உங்க காசு ஆஸ்பத்திரில இன்னிக்கி எத்தினி பேர மொட்டையடிச்சீங்க?" என்பார் அவர். "உங்க ஓசி ஆஸ்பத்திரில இன்னிக்கி எத்தினி பேர தரையில படுக்க வெச்சீங்க?" என்பேன் நான். ஓசி என்ற சொல்லைக் கேட்டால் போதும், அவருக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். அதற்காகவே சொல்வேன். நீ நடுவில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாய்.

ஆனால் எங்கள் டாக்டரம்மாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. அந்த அம்மாள் கொள்ளைக்காரி இல்லை. பேங்கில் கடன் வாங்கிக் கட்டிய கட்டடம், கரன்ட் பில், நர்ஸ்களுக்குச் சம்பளம், எல்லாம் வருகிறவர்கள் கொடுப்பதிலிருந்துதான் வர வேண்டும். அரசாங்கம் அவருக்கு ஒரு பஞ்சு உருண்டைகூடக் கொடுத்ததில்லை. வருகிற ஒவ்வொரு பெண்ணையும், கூலி வேலை செய்கிறவளாக இருந்தாலும், "வாங்கம்மா, உக்காருங்க" என்றுதான் சொல்வார். "ஓசியில குடுத்தா மருந்தக்கூட மதிக்க மாட்டாங்க, குப்பையில போட்டுட்டுப் போவாங்க. காசு குடுத்தாதான் வேளைக்கு முழுங்குவாங்க" என்பது அவர் கட்சி. அதைத்தான் வீட்டில் நான் ஒப்பிப்பேன். உன் அப்பா, "காசு இல்லாதவன் எத்த முழுங்குவான்?" என்பார். குழம்பு கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

உனக்குப் பொங்கல் பட்டிமன்றம் நினைவிருக்கிறதா? நீ அப்போது நான்காவதோ ஐந்தாவதோ. நம் காலனிப் பொங்கல் விழாவில் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் மட்டும் போதாது, அறிவுக்கும் ஏதாவது வேண்டும் என்று, ரிட்டயர் ஆன தமிழய்யா ஒருவர் கிளம்பினார். நடுவர் அவரேதான். தலைப்பும் அவர் வைத்ததுதான்: மக்கள் உடல்நலம் காக்கப்பட வேண்டியது அரசின் கஜானாவிலிருந்தா, அவரவர் சட்டைப்பையிலிருந்தா? கஜானா அணிக்கு உன் அப்பா தலைவர். சட்டைப்பை அணிக்கு ஆள் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள்கூட அதை மேடையேறிச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். கடைசியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே என்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உன் அப்பா அன்று பேசியதைப் போல் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "நடுவர் அவர்களே! ஓசி ஆஸ்பத்திரி ஓசி ஆஸ்பத்திரின்னு சொல்லிகினு கீறாங்க. எது ஓசி? காலைல எழுந்து பல்லு வெளக்கறியே, அந்தப் பல்பொடியில வரி கீது. அடுப்பு பத்த வெக்கிற தீப்பெட்டியில வரி கீது. குளிக்கிற சோப்புல வரி, சினிமா டிக்கெட்டுல வரி, செத்தா போடற மாலைக்குக் கட்டற நூலுல வரி. பொறந்ததுலருந்து கட்டிகினே வரான். ஒரு நாளு முடியலன்னு வந்து படுத்தா அது ஓசியா? அது அவன் முன்னாடியே கட்டின துட்டுய்யா. ரசீதுதான் அவன் கையில இல்ல!" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை. ரசீது என்றபோது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

என் முறை வந்தது. "எதிரணித் தலைவர் என் வூட்டுக்காரருதான். போன மாசம் பல்வலி வந்தப்ப அவரு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாருன்னு நடுவர் கேட்டுச் சொல்லணும்" என்றேன். கூட்டம் சிரித்ததில் மைக் செட்டுக்காரனே சிரித்தான். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். "துட்டு குடுக்கற எடத்துல ஒரு பொம்பள வாயத் தொறந்து கேள்வி கேக்கலாம். ஏம்மா என்ன இவ்ளோ நேரம் உக்கார வெச்சேன்னு கேக்கலாம். வலிக்குதுன்னு சொல்லலாம். ஓசியில சொல்ல முடியுமா?" அதற்கு அடுத்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா என்பது அந்த வாக்கியம். முன் வரிசையில் நீ பாவாடையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நடுவர் மணியடித்தார். கஜானாவும் தேவை, சட்டைப்பையும் தேவை, இரண்டும் இரு கண்கள் என்று தீர்ப்புச் சொல்லி எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். அந்த டம்ளரில்தான் உன் அப்பா இன்றைக்கும் காபி குடிக்கிறார்.

சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம், அதனால் உன்னைப் பெற்றுக்கொள்ள நான் என் அம்மா ஊருக்குப் போனேன். அங்கே ஒரு அரசு ஆஸ்பத்திரி. ஊர் பெயர் எதற்கு? இன்றைக்கு அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் எந்தப் பாவமும் அறியாதவர்கள். என்னை உள்ளே அனுப்பிவிட்டு என் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். வலி வந்தபோது நான் கத்தினேன். கத்தாமல் யாரால் இருக்க முடியும், நீயே பார்க்கப் போகிறாய். அங்கிருந்த ஆயா ஒருத்தி என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்து, "அப்ப மட்டும் இனிச்சிதா? ஓசியில வந்து படுத்துகினு இன்னா கத்து கத்தறா பாரு" என்றாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தி சிரித்தாள். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ வெளியே வரும்வரை ஒரு சத்தம்கூடப் போடவில்லை, புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏதோ திருடப் போன இடத்தில் பிடிபட்ட மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டர் நன்றாகப் பார்த்தார். தையல் சுத்தமாக ஆறியது. நீ கொழுக்கு மொழுக்கென்று வந்தாய். எங்களிடம் அவர்கள் எதுவும் கேட்கவும் இல்லை, நாங்கள் எதுவும் கொடுக்கவும் இல்லை. வைத்தியத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லோடுதான் நான் வீடு திரும்பினேன். நர்சிங் ஹோமில் வேலை கிடைத்ததும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் சம்பளம் இல்லை. அங்கே கத்துகிற பெண்களை யாரும் அதட்டவில்லை. கவுன்டர்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டே, லேபர் ரூமிலிருந்து வரும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கத்தட்டும் கத்தட்டும் என்று இருக்கும்.

இப்போது உன் அப்பா சொல்லாமல் விட்டது. வாயும் வயிறுமாக இருப்பவளிடம் இதைச் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நான் ஏன் கட்சி மாறினேன் என்று உனக்கு விளங்காது. பட்டிமன்றத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து ஒரு பெண்ணை டெம்போவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். உன் மாதிரியேதான், நஞ்சு கீழே இருந்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியாது. ரத்தம் போய்க்கொண்டிருந்தது. டெம்போ டிரைவர், "பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாம் அண்ணாத்த" என்று சொல்லியிருக்கிறான். புருஷன்காரன் கேட்கவில்லை. எங்கள் நர்சிங் ஹோம் வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டான். கவுன்டருக்கு வந்தவன், லுங்கி முழுக்க ரத்தம், மடியிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். "எம் பொண்டாட்டிய ஓசி ஆஸ்பத்திரில போட மாட்டேன் மேடம். கஷ்டப்பட்டாலும் துட்டு கட்டித்தான் பாப்பேன். இன்னா ஆவுதோ எட்த்துக்க" என்றான். நான் அந்தப் பணத்தை எண்ணி வாங்கி ரசீது போட்டேன். அவனைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெண்டாட்டியை ஒருத்தி ஓசி என்று சொல்லிவிடக் கூடாது என்று நினைக்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா உள்ளே போய்ப் பார்த்தார், டிரிப்ஸ் ஏற்றினார், ஊசி போட்டார், யார் யாருக்கோ போன் செய்தார். மயக்க மருந்து டாக்டர் தாம்பரத்திலிருந்து வர வேண்டும். ரத்தம் எங்களிடம் எப்போதும் இருந்ததில்லை, சின்ன நர்சிங் ஹோமில் அதெல்லாம் வைத்தால் கட்டுப்படியாகாது. கொஞ்ச நேரத்தில் அவரே கவுன்டருக்கு ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஜி.ஹெச்.சுக்கு ரெஃபர் எழுதிட்டேன், உடனே ஏத்துங்க" என்றார். அந்த டெம்போவிலேயே திரும்ப ஏற்றினோம். நான் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அவன் சட்டைப்பையில் திணித்தேன். டாக்டரம்மா பார்த்தார், தடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், துட்டு பத்தலியா?" என்றான். பாப்பா, அந்தக் கேள்வியை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. துட்டு இருந்தது, அதை வைத்து அந்த நேரத்தில் அங்கே வாங்க ஒன்றுமில்லை. அவனுக்கு அது புரியவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை தக்கவில்லை. எங்கள் வாசலில் நின்ற நேரம் வீணாகாமல் நேரே போயிருந்தால் அதுவும் தக்கியிருக்கலாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் உன் அப்பா வீட்டுக்கு வந்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தன் ரத்தத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணோடு போன சீட்டில் எங்கள் நர்சிங் ஹோம் முத்திரை இருந்திருக்கும், அவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, "டீ போடு" என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். அன்று எங்கள் வீட்டில் கஜானாவும் இல்லை, சட்டைப்பையும் இல்லை. நீதான், "இன்னாப்பா இன்னிக்கி சண்டையே காணோம்?" என்று கேட்டாய்.

பொங்கலுக்கு மேடையில் உன் அப்பா அந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தால் போதும், சட்டைப்பை அணி அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும். பல்பொடி, தீப்பெட்டி என்று சுற்றி வளைத்திருக்கவே வேண்டாம். பேசிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, சினிமா டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. நீ படித்து ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போனாய். ஆபீஸில் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து காட்டியபோது உன் அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் நான் சொன்னதுதானே? ஒடம்பு நல்லா கீறவன் கட்டறான், முடியாதவனுக்குப் போவுது. நாங்க ஊருக்கே பண்ணோம், இவங்க ஆபீஸுக்கு மட்டும் பண்றாங்க" என்றார். நீ, "வேலை போனா கார்டும் போயிடும்பா" என்று சிரித்தாய். "அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். இப்போது ஏழைகளுக்கு அரசாங்கமே காப்பீட்டு அட்டை கொடுக்கப் போகிறது, அதை வைத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உன் அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கஜானாவில் இருக்கிறதை எடுத்துச் சட்டைப்பைக்காரனுக்குக் கொடுத்தால் நம் ரத்த வங்கிக்கு ஃப்ரிட்ஜ் எதில் வாங்குவது என்று பேப்பரைப் பார்த்துக் கத்துகிறார். அந்தக் குப்பத்து ஆளிடம் அப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் தலை நிமிர்ந்து எங்கும் போயிருப்பானே என்று நான் கேட்கிறேன். போயிருப்பான், ரத்தம் அங்கே இருந்திருக்காதே என்கிறார். இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. இதற்குமேல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். காசு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் நான் இன்று உன் அப்பா கட்சி. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது மடியை அவிழ்ப்பது தப்பான நேரம், அதற்கு முன்பே எல்லாருமாகச் சேர்ந்து போட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் வந்து படுத்தவளை எப்படி நடத்த வேண்டும் என்பதில் நான் இன்னும் டாக்டரம்மா கட்சிதான். வாங்கம்மா உட்காருங்க என்று சொல்ல எந்தக் கஜானாவிலிருந்து எடுக்க வேண்டும் சொல்.

நீ போன் செய்த மறுநாள் உன் அப்பாவைப் பிடித்துக் கேட்டேன். "இத்தினி வருஷம் தொண்ட கிழியக் கத்திட்டு, சொந்தப் பொண்ணுன்னதும் காசு ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?" என்றேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டை மடித்தார், பிரித்தார். "உங்கம்மா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "பாப்பா பொறந்தப்ப உன்ன அடிச்சத, பேசினத. வெளிய நின்னுகினு கேட்டாங்களாம். உங்கிட்ட கேக்க வேணாம், அவ தாங்க மாட்டான்னு சொன்னாங்க. நானும் கேக்கல." "அப்ப பட்டிமன்றத்துல...?" என்றேன். "நீ அதச் சொல்லப் போறேன்னு பயந்துகினே உக்காந்திருந்தேன். சொல்லியிருந்தா அங்கயே எறங்கி வந்திருப்பேன், எனக்கு டம்ளரும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு." நான், "நீங்களும்தான் அந்தக் குப்பத்துப் பொண்ணப் பத்தி சொல்லல" என்றேன். "அது மேடையில சொல்ற சமாச்சாரமா?" என்று என் மீதே எரிந்து விழுந்தார்.

பிறகு சொன்னார்: "எங்க ஆஸ்பத்திரில அப்பிடி யாரும் பேச மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் லேபர் வார்டுக்குள்ள போவ முடியாது இல்ல? எம் பொண்ண எவளாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா நான் உயிரோட இருக்க மாட்டேன். துட்டு கட்டியே பாத்துக்கட்டும். ரத்தத்த நான் ஐஸ் பெட்டியில எட்த்துகினு போய் அந்த ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்துக்கறேன்." கவர்மென்ட் ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியார் வராண்டாவில் உட்காரப் போகிறாராம், கஜானா அணித் தலைவர்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அந்த ஆயா அடித்த அன்று அழாத அழுகை, பாப்பா. உன் அப்பா பயந்துபோய் அதே டம்ளரில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அழுது முடித்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் அவருக்குச் சொல்லாமல் நானே ஜி.ஹெச்.சுக்குப் போய் லேபர் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் அம்மியது. ஃபினாயில் வாடை. நீ பழகிய ஏ.சி. குளிர் இல்லை, வராண்டாவில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். உன் மாமியார் வந்து பார்த்தால் முகம் சுளிப்பார். உள்ளிருந்து ஒரு பெண் ஊரைக் கூட்டினாள், யாரும் அதட்டியதாகக் கேட்கவில்லை. வெளியே வந்த நர்ஸ் பெண்ணிடம் விசாரித்தேன். உன் வயசுதான் இருக்கும். "இப்பல்லாம் தொணைக்கு ஒரு லேடிய உள்ள வுடறோம்மா. அம்மாவோ அக்காவோ யாரு வேணாலும் கூட நிக்கலாம்" என்றாள். நான் அவளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ரத்த வங்கி அதே வளாகத்தில், மயக்க டாக்டர் அங்கேயே இருக்கிறார். எனக்கு அன்றைக்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் நிற்க என் ஆள். அதை இப்போது அவர்களே கொடுக்கிறார்கள்.

தலைப்பிரசவம் எங்கள் பொறுப்பு என்று வழக்கத்தைக் காட்டி நான் உன்னைக் கட்டிப்போட மாட்டேன். உடம்பு உன்னுடையது, உன் கார்டு செல்லும், மாப்பிள்ளையும் உன் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிறவர். படூர்தான் என்று நீ முடிவு செய்தால், உன் அப்பாவோடு நானும் அந்த வராண்டாவில் வந்து உட்காருவேன், ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம். ஆனால் என் மனசைக் கேட்டால், வளைகாப்பு முடிந்த கையோடு இங்கே வந்துவிடு. வலி எடுத்த பிறகு கேளம்பாக்கம் டிராபிக்கிலும் திருப்போரூர் ரோட்டுப் பள்ளத்திலும் உன்னைத் தூக்கிக்கொண்டு அலைவதை நினைத்தாலே எனக்கு அந்த டெம்போதான் கண்முன் வருகிறது. யாரும் உன்னைப் பார்த்து, ரெஃபர் எழுதிவிட்டேன் என்று சொல்லக் கூடாது. சொல்லவே தேவையில்லாத இடத்திலிருந்து ஆரம்பித்துவிடு. துட்டு பத்தலியா என்று மாப்பிள்ளை யாரையும் பார்த்துக் கேட்கும்படி ஆகக் கூடாது.

உள்ளே உன் தலைமாட்டில் நான்தான் நிற்பேன். நீ கத்து. உனக்கு எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவும் கத்து, எனக்கும் சேர்த்துக் கத்து. புடவைத் தலைப்பை வாயில் வைத்தாயானால் நானே பிடுங்கிவிடுவேன். அங்கே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தப்பித் தவறி எவளாவது ஒருத்தி ஓசி என்று வாயைத் திறக்கட்டும், அப்புறம் இருக்கிறது. பல்பொடியில் ஆரம்பித்து மாலை கட்டுகிற நூல்வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன். உன் அப்பாவின் பேச்சு முழுவதும் எனக்கு மனப்பாடம்.

இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா